வரப்பில் நின்ற நாலாம் வகுப்பு

1

போன வாரம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். வின்னிபெக்கில் இப்போது வாசலுக்கு வெளியே காலை வைத்தால் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்துபோகிற குளிர். நான் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மகனுக்குத் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன்.

அறிக்கை நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு படத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்றார். எந்தப் படம் என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகள் கயல் முழங்கால் சேற்றில் நிற்கிறாள். கையில் நாற்று. அவளுக்குப் பின்னால் வரிசையாகக் குனிந்த முதுகுகள்.

"குழந்தை வயலில் வேலை செய்தாளா? தவறாக நினைக்காதீர்கள், கேட்க வேண்டியது என் கடமை."

"இல்லை அம்மா. ஆனால் இந்தக் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டுவிட்டார்."

"யார்?"

"என் அக்கா."

 அப்படியானால் எழுத்தில் ஒரு விளக்கம் அனுப்பிவிடுங்கள் என்றார். அரைப் பக்கத்தில் அனுப்பிவிட்டேன். அந்த அரைப் பக்கத்தில் அடங்காததை உங்களுக்கு எழுதுகிறேன். உங்களிடம் நாற்று என்றால் என்ன, வரப்பு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதுவே பாதி நிம்மதி.

2

இங்கே பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெயர் பதிய வேண்டும். என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வருடத்தில் இரண்டு தடவை, என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று அறிக்கை அனுப்ப வேண்டும்.

நாங்கள் ஆசைப்பட்டு இதற்கு வரவில்லை. கயல் மூன்றாம் வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் வாய் ஓயாது. பள்ளிக்கூட வாசலில் கோட்டைக் கழற்றி மாட்டினால் அதோடு பேச்சும் கழன்றுவிடும். யாரும் அவளை எதுவும் செய்யவில்லை. டீச்சர் தங்கமானவர். மருத்துவர் இதற்கு ஒரு பெயர் சொன்னார், அவசரப்படாதீர்கள் என்றும் சொன்னார். ஆனால் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வரத் தொடங்கியபோது என் மனைவி உமா, "கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வச்சுப் பாப்போங்க" என்றாள்.

உமாவுக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. எனக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை, மதியத்துக்கு மேல்தான். ஆகவே காலையில் நான் வாத்தியார். மாணவர்கள் இரண்டு பேர். நாலாம் வகுப்புக்குக் கயல், ஒன்றாம் வகுப்புக்கு அவள் தம்பி அமுதன்.

இதில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். புத்தகம் திறந்திருந்தால் பையன் படிக்கிறான், மூடினால் படித்துவிட்டான். என் வீட்டில் படிப்பைப் பார்த்துக்கொண்ட விதம் அவ்வளவுதான். அப்படி வளர்ந்தவன் காலையில் எழுந்து பாடத்திட்டம் எழுதுகிறேன்.

அந்தத் திட்டத்தில் ஒரு வாரம் வட்டார ஆய்வு. ஏதாவது ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதன் நீர், நிலம், தொழில், வழக்கம் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டும். மற்ற வீடுகளில் பக்கத்து ஏரியை எழுதுவார்கள், கோதுமைப் பண்ணையை எழுதுவார்கள். ஐப்பசியில் ஊருக்குப் போவதாக இருந்ததால் நான் காவிரி டெல்டா என்று எழுதினேன். உமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பிள்ளைகளும் மட்டும் வந்தோம்.

3

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அக்காதான் வீடு. அவள் பெயர் செல்வி. என்னைவிட ஏழு வயது பெரியவள். கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து மாமாவும் அவளும் பயிர் வைக்கிறார்கள். அது போக, நடவு சமயத்தில் அக்கா ஆள் சேர்த்துக்கொண்டு கூலி நடவுக்கும் போவாள். அவள் மகன் திருச்சியில் பொறியியல் படிக்கிறான். அவன் படிப்பது அந்த நடவுக் கூலியில்தான்.

வந்து இறங்கிய அன்றே கேட்டாள்.

"பள்ளிக்கூடம் இப்ப லீவாடா?"

"இல்லக்கா. வீட்டுலயே படிக்கிறாங்க. நான்தான் சொல்லிக் குடுக்குறேன்."

"நீயா?"

"ஆமாக்கா. அங்க அதெல்லாம் சகஜம். கவர்மெண்டுல பதிஞ்சுட்டுத்தான் செய்யிறோம்."

அக்கா குழம்பை இறக்கி வைத்தாள். கரண்டியைக் கழுவினாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"அப்ப, பொம்பளப் புள்ளைய நிறுத்திட்ட."

"நிறுத்தலக்கா..."

"அவ காலையில பையத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறாளா?"

"இல்ல."

"அதுக்கு எங்க ஊர்ல நிறுத்திட்டாங்கன்னுதான்டா பேரு."

எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. என் கையில் அலுவலக முத்திரை வைத்த காகிதம் இருக்கிறது, போனில் பாடத்திட்டம் இருக்கிறது. இவளுக்கு எப்படி விளக்குவது என்று நினைத்தேன். விளக்கவில்லை. வாரம் முழுக்க நாங்கள் படிக்கும் அழகைப் பார்த்தால் அவளே புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

நல்ல விஷயமும் ஒன்று நடந்தது. கயல் அவளிடம் பேசினாள். புது ஆட்களிடம் வாயே திறக்காத பிள்ளை, முதல் நாள் சாயங்காலமே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன அக்காவின் பின்னாலேயே போய், "அத்தை, இதுக்குப் பேர் என்ன? அத்தை, இது கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தமிழ் கொஞ்சம் ஒட்டுப்போட்ட தமிழ்தான். அக்காவுக்கு அது தடையாகவே இல்லை. நான் கொல்லைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உமாவிடம் போனில் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள்.

4

திங்கள்கிழமை தஞ்சாவூர். பெரிய கோயிலில் விமானத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்லி நான் நிறையப் பேசினேன். செருப்பு விட்ட இடத்தில் கொடுத்த டோக்கனை அமுதன் கையை விட்டு இறக்கவே இல்லை. அறிக்கையில் அவன் பங்குக்கு வரைந்த படமும் அந்த டோக்கன்தான்.

செவ்வாய்க்கிழமை திருக்காட்டுப்பள்ளி. குடமுருட்டி காவிரியிலிருந்து பிரிகிற பக்கமாகப் போனோம். தண்ணீர் நிறைய ஓடியது. ஓர் ஆறு எப்படி இரண்டாகி, வாய்க்காலாகி, கடைசியில் ஒரு வயலுக்குப் போகும் மடையாகிறது என்று மணலில் குச்சியால் போட்டுக் காட்டினேன். "அப்ப அத்தை வீட்டுத் தண்ணியும் இப்படித்தான் வருதா?" என்று கயல் கேட்டாள். நல்ல வாத்தியாராகிவிட்டேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை முத்துப்பேட்டை. படகில் அலையாத்திக் காட்டுக்குள் போனோம். சேற்றிலிருந்து மேலே முளைத்து நிற்கிற வேர்களைப் பார்த்துவிட்டு அமுதன், "யார் இவ்வளவு பென்சிலை நட்டது?" என்றான். படகுக்காரர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் என் மேல் சாய்ந்து தூங்கினார்கள்.

நீர் முடிந்தது. நிலம் முடிந்தது. மீதி தொழில், வழக்கம். அதற்குத்தான் வியாழக்கிழமை அக்கா நடவு நடுகிற இடத்துக்குப் போவதாக இருந்தது.

"வரப்புல நின்னு பாக்கட்டும்" என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தாள்.

5

இப்போது எங்கள் பக்கம் பாதிக்கு மேல் இயந்திர நடவு. அன்றைக்கு அக்காவின் ஆட்கள் நட்டது பள்ளக்கால் வயல். இயந்திரம் இறங்கினால் புதைந்துவிடும். அதனால் கை நடவு. பாதி நட்டாகிவிட்டது. அக்கா எதிர்ப்பக்கக் கோடியில், தலை குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருந்தாள்; அவள் நட்டது எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது சலவைச் சட்டையோடு யாராவது வரப்பில் வந்து நின்றால், நடுகிற பெண்களில் ஒருவர் கட்டாகக் கட்டிய ஒரு நாற்று முடியை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்துக் கும்பிடுவார். வந்தவர் சட்டைப் பைக்குள் கையை விட்டாக வேண்டும். சாயங்காலம் டீக்கும் வெற்றிலைக்கும் ஆகும். நிலத்துக்காரருக்கு வைப்பார்கள், அவர் வீட்டு விருந்தாளிக்கு வைப்பார்கள், வழி தெரியாமல் வந்த அதிகாரிக்கும் வைப்பார்கள். நடவாள் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் வைப்பதில்லை. எங்களுக்கு வைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் அம்மாவோடு சேர்ந்து நட்ட காமாட்சிச் சின்னம்மா என்னைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு முடியைக் கையில் எடுத்தார்.

"யாருடி அது வரப்புல? வெள்ளைக்கார தொரையா?"

"செல்வியோட தம்பி சின்னம்மா. கனடாக்காரரு" என்றாள் பக்கத்தில் நட்டவள்.

"ஓ, அப்ப வச்சுர வேண்டியதுதான்."

சேறு சொட்டச் சொட்ட வந்து அந்த முடியை என் காலடியில் வைத்துக் கும்பிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சின்னம்மா, எனக்குப் போயி வைக்கிறீங்களே."

"ஏன், ஒனக்கு வச்சா என்ன? சட்டை வெளுப்பாத்தானே இருக்கு. எடு எடு."

பையைத் தடவினேன். பர்ஸில் இருந்ததெல்லாம் கனடா நோட்டும் அட்டைகளும். ஊர்ப்பணத்தைக் காலையில் கழற்றிப்போட்ட சட்டையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

"போன்ல அனுப்பட்டுமா சின்னம்மா?"

"அனுப்பு அனுப்பு. என் போனு கூரையில சொருகிக் கெடக்கு. நீ அனுப்புனா அது போயி டீ வாங்கிட்டு வந்துரும்."

இன்னொரு சிரிப்பு. நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் கயல் குனிந்தாள். ஒரு பொருளை நம் காலடியில் கொண்டுவந்து வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றால் அது நமக்குக் கொடுத்ததுதானே. அப்படித்தான் அவள் நினைத்திருக்கிறாள். முடியை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள். பக்கத்திலிருந்த பெண் செய்வதைப் பார்த்துப் பார்த்து, நாலைந்து நாற்றைப் பிரித்துச் சேற்றில் ஊன்றினாள்.

பெண்கள் "அடி ஆத்தா" என்று கை தட்டினார்கள். அமுதன் குதித்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தொழில், வழக்கம், இரண்டுக்கும் சேர்த்து ஒரே படம் என்று நினைத்து எடுத்தேன்.

சத்தம் கேட்டு அக்கா நிமிர்ந்தாள்.

அவள் வரப்பைச் சுற்றி வரவில்லை. நட்ட நடவின் மேலேயே நேராக நடந்து வந்தாள். நட்ட பயிரில் கால் பட்டால் சொந்தப் பிள்ளையையே திட்டுகிறவள். அவள் கால் பட்ட இடமெல்லாம் நாற்று சாய்ந்தது. பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அக்கா வந்த வேகத்தில் கயலை அப்படியே தூக்கி வரப்பில் வைத்தாள். கையிலிருந்த நாற்றைப் பிடுங்கி எறிந்தாள்.

"யாருடா இவள எறக்கிவிட்டது?"

"அவளேதான்க்கா எறங்கினா. வெளையாட்டுக்கு."

"நீ போட்டோ புடிக்கிற!"

"பாடத்துக்குக்கா. அறிக்கையில வைக்கணும்."

"வேலை செய்ய வச்சியாடா புள்ளைய? இதுக்கா நீ பெரிய படிப்புப் படிச்ச?"

காமாட்சிச் சின்னம்மா, "ஏ செல்வி, விடுடி. நான் வச்ச முடிதான். கொழந்தை தெரியாம எடுத்துருச்சு" என்றார்.

அக்கா அவர் பக்கமே திரும்பவில்லை. குரல் மட்டும் தணிந்தது. அது கத்தலைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எனக்கும் யாரும் படிக்காதன்னு சொல்லல தம்பி. தம்பியக் கொஞ்ச நாளு பாத்துக்கடின்னாங்க. அம்மா நடவுக்குப் போவணும், ஒன்ன யாருகிட்ட விடுறது? அப்புறம் ஒன்னத் தூக்கிக்கிட்டு இதே மாதிரி வரப்புல வந்து நின்னேன். சும்மா நிக்கிறியே, இந்தா புடின்னு யாரோ கையில நாத்தக் குடுத்தாங்க. எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் குடுத்தாங்க. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்த நிறுத்துறதுன்னா இப்படித்தான்டா இருக்கும். கொஞ்ச நாளைக்குன்னுதான் சொல்லுவாங்க."

நாங்களும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லியிருந்தோம்.

"அடுத்த வருஷம் இவ பள்ளிக்கூடத்துக்குப் போறா. சொல்லு" என்றாள்.

"சரிக்கா."

"நீ சொல்லாத. அவ சொல்லட்டும்."

கயல் சேற்றுக் காலோடு நின்றாள். அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பள்ளிக்கூட வாசலில், கோட்டு மாட்டும் கொக்கிக்கு முன்னால்.

6

வெள்ளிக்கிழமை விடிய விடிய மழை. மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் வந்தது. அமுதன் ஓடி வந்து, "அப்பா, நம்ம ஸ்கூலுக்கும் லீவு விட்டுட்டாங்களா?" என்றான். விட்டுவிட்டார்கள் என்றேன்.

வயலில் தண்ணீர் நின்றதால் அக்காவும் வீட்டில் இருந்தாள். கயல் முந்தின நாள் நடவிலிருந்து அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டினாள். தட்டில் இட்லி அப்படியே இருந்தது. உமாவிடம் போனில் நான் இதைச் சொல்லவில்லை. இந்த ஒரு வருடத்தில் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது ஒரே நாளில் கரைந்துவிட்டதோ என்று எனக்குப் பயம்.

அக்காவுக்கும் தெரிந்திருந்தது. மூன்று தடவை டீ போட்டாள். கடைசியில் கயலுக்கு எதிரில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, ஒங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துல அப்படி என்னதான் படிக்கிறீங்க? எடு, பாப்போம்."

குரலில் கொஞ்சம் அதிகாரி தோரணை இருந்தது. கயல் பேசாமல் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்தாள். வகுத்தல் கணக்கு. அக்கா வெகு நேரம் பார்த்தாள்.

"இது நாலாவதுலயா வருது?"

தலையாட்டல்.

"அதான். நான் மூணாவதோட சரி."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் அத்தை?" என்றாள் கயல்.

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏனா? ஒங்கப்பன் தூளியில கெடந்து அழுதுக்கிட்டே இருந்தான். யாரு ஆட்டுறது?"

கயல் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்களாப்பா?"

"எனக்கு அப்ப ரெண்டு வயசும்மா."

"ரெண்டு வயசுக்கு ரொம்ப நல்லாவே அழுவான்" என்றாள் அக்கா. "ஊரே எழுந்துக்கும்."

கயல் சிரித்தாள். அக்கா இட்லித் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டாள்.

அதற்குமேல் அன்று அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கயல் வாயைத் திறக்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது மட்டும் என்னைத் தனியாக இழுத்து, "தெனம் போன் போடு. நீ பாடம் நடத்துறத நான் பாக்கணும்" என்றாள்.

7

எங்களுக்குக் காலை எட்டு மணி என்றால் அக்காவுக்கு இரவு ஏழரை. வேலை முடிந்து குளித்துவிட்டு உட்காரும் நேரம். முதல் சில நாள் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, மிரட்டும் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டால் கண்டுபிடிக்கப் போகிறவள்போல. பாடம் முடிந்ததும் தவறாமல் அதே கேள்வி: "பள்ளிக்கூடம் எப்பப் போற?" கயல் சிரித்து மழுப்புவாள், அல்லது அமுதனை இழுத்துப் போனுக்கு முன்னால் நிறுத்துவாள்.

அப்புறம் அக்காவின் கேள்விகள் மாறின. "அத இன்னொரு தடவ சொல்லு." "மேல இருந்தத எதுக்குக் கீழ எறக்குன?" என்னிடம் கேட்கமாட்டாள். கயலிடம்தான் கேட்பாள். கயல் நாற்காலியை இழுத்துப்போட்டு, பலகையைத் திருப்பி, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் யாரும் கேட்காத குரல்.

அலுவலகத்து அம்மாவின் போன் வந்ததற்கு மறுநாள். விளக்கத்தோடு அனுப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: அடுத்த கல்வியாண்டிலும் வீட்டில்தானா? நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்தது. அக்கா வழக்கம்போலக் கேட்டாள்.

"பள்ளிக்கூடம் எப்பப் போற?"

கயல் இந்தத் தடவை ஓடவில்லை.

"நீங்க நாலாவது முடிச்சுட்டீங்களா அத்தை?"

"எனக்கு எதுக்குடி நாலாவது?"

"ஜூன் வரைக்கும் எங்கூடப் படிங்க. ரெண்டு பேரும் நாலாவது முடிக்கலாம். அப்புறம் செப்டம்பர்ல நான் அஞ்சாவதுக்கு ஸ்கூல் போறேன். போயிட்டு வந்து உங்களுக்குச் சொல்லித் தர்றேன். அப்ப பாடத்த நான் கவனமாக் கேக்கணும்ல? புரியலேன்னா நான் டீச்சர்கிட்டக் கேட்டுத்தானே ஆகணும்?"

உமா வேலைக்குக் கிளம்பி, ஒரு பூட்சைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். திரையில் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். மாமா பின்னால் எங்கேயோ, "சரின்னு சொல்லேன்" என்றது கேட்டது.

"நீங்க சும்மா இருங்க" என்று அவரை அதட்டினாள். பிறகு எங்களைப் பார்த்து, "அறுப்பு வருது, சில நாளு நேரமாயிரும். நான் வர்ற வரைக்கும் ஆரம்பிக்கக் கூடாது" என்றாள்.

"ஆரம்பிக்க மாட்டோம்" என்றாள் கயல்.